கேட்டைச் சாத்தாதது யார்?

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒண்ணு, இந்த நாயை எங்கேயாவது கொண்டு போய் விட்டுடுங்க. இல்லேன்னா நாங்க வேற வீடு பார்த்துக்கிட்டுப் போயிடறோம்.”

எதிர் வீட்டு மருமகள் என் வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது அவள் இடுப்பில் மூன்று வயசுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு முழங்காலிலும் மருந்து தடவிய சிராய்ப்பு. எனக்குப் பின்னால் கொல்லைப்புறத்தில் எங்கள் ராக்கி, தான் என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல், தண்ணீர்க் கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்தது.

2024-ஆம் வருஷம் மே மாதம். கனகம்மாசத்திரத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்ததுதான் காரணம்.

ராக்கி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் என் கொழுந்தனார், கொரோனா சமயத்தில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது பொழுது போகாமல் ஒரு நாய்க்குட்டி வாங்கினார். ராட்வைலர் ஜாதி. குட்டியாக இருந்தபோது கறுப்புப் பந்து மாதிரி அழகாக இருக்கும். அந்தப் பந்து ஒரே வருஷத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்புறம் அவர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினார். அங்கே நாய்க்கு இடமில்லை. “அண்ணி, உங்க வீட்டிலே கொல்லை இருக்கு. கொஞ்ச நாள் வெச்சுக்கோங்க” என்று கொண்டு வந்து விட்டார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை!

என் மாமியார் அதைப் பார்த்ததுமே, “ஈ குக்க மனக்கொத்து” என்றார். இந்த நாய் நமக்கு வேண்டாம் என்று அர்த்தம். திருத்தணி 1960 வரை ஆந்திராவோடு இருந்த ஊர். எங்கள் வீட்டில் சந்தோஷத்துக்குத் தமிழ், கோபத்துக்குத் தெலுங்கு. ஆனால் ஒரே மாதத்தில் அதே மாமியார் அதற்குக் “கருப்பா” என்று பெயர் மாற்றி, தன் தட்டிலிருந்து இட்லி பிட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். சாயங்காலம் தண்ணீர் கேன் போடுகிற பையன் வந்தான். கேனை வாங்கி உள்ளே வைத்தேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடினேன். கேட்டைத் தாழ் போடவில்லை. தெருவில் எதிர் வீட்டுப் பையன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பந்து உருண்டது, நாய் பாய்ந்தது, பையன் விழுந்தான். நான் அலறிக்கொண்டு ஓடி வந்து பார்த்தபோது ராக்கி பந்தை வாயில் கவ்விக்கொண்டு, குழந்தையின் மேல் நின்றுகொண்டிருந்தது.

கடிக்கவில்லை. பல்லே படவில்லை. அன்றைக்கு ராத்திரி பூராவும் நான் எல்லாரிடமும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஆனால் அந்தத் தாய் கண்ணால் கண்டது என்ன? நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கிற ஒரு நாய்க்குக் கீழே தன் பிள்ளை கிடந்ததைத்தானே! அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அவள் கேட்டதைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கேட்டிருப்பேன்.

போதாக்குறைக்கு, அந்த மே 5-ஆம் தேதிதான் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் ஐந்து வயசுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியிருந்தன. டி.வி.யில் காலையிலிருந்து ராத்திரிவரை அதே செய்தி. அதற்கு முன்பே, மார்ச் 12-ஆம் தேதி, மத்திய அரசின் கால்நடைத் துறை 23 வகை நாய்களை மூர்க்கமானவை என்று பட்டியல் போட்டு, இறக்குமதி செய்யக்கூடாது, இனப்பெருக்கம் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. அந்தப் பட்டியலில் ராட்வைலரும் உண்டு. பூங்கா சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசும் அதே மாதிரி ஒரு தடையை அறிவித்து, உடனேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

திரும்பப் பெற்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. தடை என்ற செய்தி மட்டும்தான் வந்தது. “கவர்ன்மென்ட்டே வேணாம்னு சொல்லிடுச்சாமே! வெச்சிருந்தா ஜெயிலாமே!” என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் இவரைப் பயமுறுத்தினார்கள். இவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். நாலு பேர் தயவில் பிழைப்பு நடத்துகிறவர்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை விடிகாலையிலே நகரிப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன். அந்தப் பக்கம் மலையும் காடுமா இருக்கு. எப்படியாவது பிழைச்சுக்கும்.”

மாமியார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கொல்லைக் கதவண்டை உட்கார்ந்துகொண்டார். “நானும் வரேங்க” என்றேன் நான்.

கடைச் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியில் ராக்கியை ஏற்றினோம். அதற்கு வண்டியில் போவதென்றால் கொள்ளை ஆசை. யாரும் சொல்லாமலே குதித்து ஏறி, காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. திருத்தணி வந்ததும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது? ‘முருகா, நாயை நல்லபடியா தொலைச்சுட்டு வரணும்’ என்றா? வாய் வரவில்லை.

பொன்பாடி செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வயசானவர். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “விட வந்தீங்களா?” என்று கேட்டார்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்க ஒண்ணும் முதல் ஆளு இல்லே சார். போன வாரம் ஒரு கார்லே வந்தாங்க. பிஸ்கட்டைக் கொட்டிட்டு, அது தின்னு முடிக்கிறதுக்குள்ளே வண்டியை எடுத்துட்டாங்க. பாவம், மூணு நாள் இதே இடத்திலே நின்னு வர்ற காரையெல்லாம் மோந்து மோந்து பார்த்துச்சு. அப்புறம் பசி. இந்த ஆட்டுக்குட்டி மேலே பாய்ஞ்சுது.”

கடைக்குப் பின்னால் ஏழெட்டு வயசுப் பெண் ஒருத்தி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர் பேத்தியாம். எங்கள் வண்டியில் இருந்த நாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“உங்க ஊரிலே வேணாம்னு எங்க ஊரிலே விடறீங்க. எங்க ஊரிலேயும் பிள்ளைங்க இருக்குதில்லே?” என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து என்று பயந்து, இன்னொரு வீட்டுக் குழந்தையின் மேல் அவிழ்த்துவிட வந்திருக்கிறோம்! அதுவும் கயிறு இல்லாமல், சோறு இல்லாமல், ஊசி போடுவார் இல்லாமல்!

இவர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு, “வண்டியிலே ஏறு, போகலாம்” என்றார். வந்த வழியிலேயே திரும்பினோம். தணிகை என்றால் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பார்கள். எங்கள் பயம் தணிந்ததும் அந்த வழியில்தான்.

மறுநாள் ராக்கியைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கேட்டைச் சாத்தாதது யார்?”

“நான்தான்” என்றேன்.

“அப்போ தண்டனையை நாய்க்குக் கொடுக்கப் போனீங்களே, ஏன்?” என்று சிரித்தார். ஆனால் உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. “ஒண்ணை ஒத்துக்கணும்மா. சின்ன நாய் கடிச்சா தையலோட போகும். இது கடிச்சா உயிருக்கே ஆபத்து. அதனாலே இதை வளர்க்கறவங்களுக்குப் பொறுப்பும் பத்து மடங்கு.”

ராட்வைலர் என்பது ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரின் பெயராம். அங்கே கசாப்புக் கடைக்காரர்கள் மாடு ஓட்டவும், வண்டி இழுக்கவும் வளர்த்த உழைப்பாளி நாய். அப்படிப்பட்ட நாயை வாங்கி, நாலடிச் சங்கிலியில் நாள் பூராவும் கட்டிப் போட்டு, மனிதர் முகமே பார்க்க விடாமல் வளர்த்தால் அது வெறி பிடித்த மாதிரிதான் ஆகும். குட்டி மூன்று மாதம் ஆவதற்குள் பலதரப்பட்ட மனிதர்களையும் குழந்தைகளையும் வண்டிச் சத்தத்தையும் பார்த்துப் பழக வேண்டுமாம். காவலுக்கு என்று வாங்கி அறைக்குள் அடைத்துப் போட்டால் அந்த வயசு திரும்ப வராது.

டாக்டரம்மா அந்த 23 பெயர்களையும் காட்டினார். வாசித்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். டோசா இனு என்று ஓரிடத்தில் இருக்கிறது, ஜப்பானிய டோசா என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாய்தானாம்! நம் ஊரில் பலது கலப்பு. எது எந்த ஜாதி என்று முகத்தைப் பார்த்து யார் சொல்வது? 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த மார்ச் கடிதத்தை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துகொள்ளாமல் போட்டது என்பது ஒரு காரணம். டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஒதுக்கிவைத்து, முதலில் ஜனங்களின் கருத்தைக் கேளுங்கள் என்றது.

கல்லூரியில் படிக்கும் என் பெண் இன்னொரு விஷயம் படித்துச் சொன்னாள். 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி விசாரித்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்களாம். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ஜாதிக்குள்ள பங்கு சுமார் 9 சதவீதம்தானாம். “பார்த்தியாம்மா? ஜாதியை வெச்சு குணத்தைச் சொல்ல முடியாது” என்றாள். நாயைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்!

அவளுக்கே ஒரு நாய்க்கடி அனுபவம் உண்டு. ஆறு வயசில் உறவினர் வீட்டில் ஒரு பொமரேனியன் கடித்தது. வெள்ளைப் பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும், பொம்மை என்று எண்ணி எல்லாரும் கொஞ்சுவோம். அது சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை இவள் இழுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் பல் இறங்கிவிட்டது. அந்த நாய் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வெளிநாட்டு அனுபவமும் இப்படித்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1991-லேயே சட்டம் போட்டு, பிட்புல் உள்பட நாலு வகைகளைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் தொகை ஏறிக்கொண்டுதான் போயிற்று. 2023-ல் எக்ஸ்எல் புல்லி என்று ஐந்தாவது பெயரைச் சேர்த்தார்கள். ஒரு ஜாதியைத் தடுத்தால் முரட்டு நாய்தான் வேண்டும் என்பவன் இன்னொரு ஜாதியைத் தேடிப் போகிறான். நெதர்லாந்துக்காரர்கள் 1993-ல் போட்ட பிட்புல் தடையை, பிரயோஜனம் இல்லை என்று கண்டு 2008-ல் கைவிட முடிவு செய்தார்கள்.

இதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒரு மனிதர் உயிரையே விட்டார். அந்தக் குடும்பத்தின் முன்னால் போய் நின்று ‘நாய் நல்ல நாய்தான்’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்த வருஷம் டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது, மீறி வளர்த்தால் ஒரு லட்ச ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டது. ஏற்கெனவே உரிமம் உள்ள நாய்களைக் கயிறும் வாய்க்கூடும் இல்லாமல் வெளியே கொண்டு வரக்கூடாது என்றும் சொன்னது.

அதில் பாதிக்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன். கயிறு வேண்டும், வாய்க்கூடு வேண்டும், உரிமம் வேண்டும், தவறினால் அபராதமும் வேண்டும். ஆனால் வாய்க்கூட்டையும் கயிற்றையும் எல்லாப் பெரிய நாய்க்கும் போடுங்கள். வளர்க்கவே கூடாது என்கிற மற்ற பாதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தடை என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று பொன்பாடி ரோட்டில் பார்த்துவிட்டேனே! ஒன்று, நாயைக் கொண்டு போய் எங்காவது விடுவார்கள். இல்லை, ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்த நாயை யார் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்? வெறிநாய்த் தடுப்பூசி யார் போடுவார்கள்? கடித்துவிட்டால்கூட வெளியே சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாசலில் இருக்கிற நாயைவிடக் கொல்லையில் மறைத்து வைத்த நாய்தான் தெருவுக்கு ஆபத்து.

வளர்க்கிறவர்களைக் கேட்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நாயை அஜாக்கிரதையாக வைத்திருந்து பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போவதும் 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அன்றைக்கு நாங்கள் செய்யப் போனது அதைத்தான். இந்தச் சட்டங்களைக் கண்டிப்பாக நடத்தினாலே பாதிக் கஷ்டம் தீரும். ஊராட்சியில் எந்த வீட்டில் எந்த நாய், ஊசி போட்டாயிற்றா என்று ஒரு நோட்டுப் போட்டால் மீதியும் தீரும். நாயின் ஜாதியைக் கேட்டுச் சட்டம் போடுவதைவிட, நாயை வைத்திருக்கிற என்னைக் கேள்வி கேட்டுச் சட்டம் போடட்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ராக்கிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தோம். கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட் போட்டோம். ஒன்று திறந்திருந்தால் மற்றது சாத்தியிருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். காலையிலும் மாலையிலும் இவர் அதற்கு வாய்க்கூடு மாட்டி, கயிறு பிடித்து நடக்க வைக்கிறார். டாக்டர் சொல்லியும் குறையாத இவருடைய தொப்பை நாயால் குறைந்தது தனிக்கதை!

குழந்தை உள்ள சகோதரிகளுக்கு, டாக்டரம்மா சொன்ன சில விஷயங்கள். எந்த ஜாதி நாயானாலும், எவ்வளவு சாதுவானாலும், கைக்குழந்தையை அதனுடன் தனியே விடாதீர்கள். நாய் சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் கிட்டே போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நாய் நெருங்கி வந்தால் கத்திக்கொண்டு ஓடாமல் கையை ஒடுக்கி அசையாமல் நிற்கப் பழக்குங்கள்.

மீறிக் கடித்துவிட்டால் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் வைக்காதீர்கள். என் பெண்ணுக்குக் காப்பிப் பொடி அப்பிக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று டாக்டர் குறித்துத் தருகிற ஊசிகளில் ஒன்றையும் விடக்கூடாது. காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். வெறிநாய் நோய் முற்றிவிட்டால் மருந்தே கிடையாது.

எதிர் வீட்டு மருமகள் என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? வீட்டைக் காலி செய்யவில்லை. ராக்கியை மன்னித்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது கேட் போட்ட அன்றைக்கு வந்து தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். “இது நல்லா பிடிக்குதுக்கா” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பையனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நிற்பான். “பெரியம்மா, கேட் சாத்தியாச்சா?” என்று குரல் கொடுப்பான்.

“சாத்தியாச்சுடா கண்ணு” என்று நான் உள்ளிருந்து பதில் சொல்வேன். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.